பொஹிமியாவின் மீன்குளங்கள்: எல்லாம் அடிமடையில் இருக்கிறது

ஐப்பசி பிறக்கும் நேரத்தில் நம் ஏரிகளுக்கு வடகிழக்குப் பருவமழைத் தண்ணீர் வந்து சேரத் தொடங்கும். அதே நாட்களில் செக் குடியரசின் தென்பகுதியில் உள்ள ட்ரெபோன் என்ற சிற்றூரைச் சுற்றி வேலை நேர்மாறாக நடக்கிறது. நிறைந்து கிடந்த ஏரிகளின் மதகைத் திறந்து தண்ணீரை வெளியேற்றுகிறார்கள். ரோஷ்ம்பெர்க் என்ற பெரிய ஏரிக்கு மட்டும் இந்த வேலை பல வாரங்கள் பிடிக்கிறது. அதன் நீர்ப்பரப்பு 489 ஹெக்டேர், அதாவது சுமார் 1,200 ஏக்கர். கடைசியில் கரைக்கு அடியில் உள்ள பள்ளத்தில் மட்டும் தண்ணீர் நிற்கும். 1,200 ஏக்கரில் மேய்ந்த மீன்கள் அத்தனையும், இறங்கும் தண்ணீரோடு தாமாகவே நடந்து வந்ததுபோல, அந்தப் பள்ளத்தில் வந்து கூடியிருக்கும்.

பொழுது விடியும் முன்பே இடுப்புக்கு மேல் ரப்பர் உடை போட்ட ஆட்கள் வரிசையாக இறங்கி வலையை வளைக்கிறார்கள். பிடித்த மீனைப் பலகையில் கொட்டி, இனம் பிரித்து, தண்ணீர் நிறைந்த தொட்டிகளில் போடுகிறார்கள். கரைமேல் வேடிக்கை பார்க்க ஊரே கூடுகிறது. பிடிபடுவதில் பெரும்பங்கு கெண்டை. நம் மீன் பண்ணைகளில் சாதாக் கெண்டை என்று வழங்கும் அதே இனம்.

ட்ரெபோன் வட்டாரத்தில் இப்படிச் சுமார் 500 ஏரி குளங்கள் இருக்கின்றன. மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு அவை இயற்கையாக அமைந்த நீர்நிலைகளாகத் தோன்றும். ஓரங்களில் நாணல், சுற்றிலும் காடு, வானில் நீர்ப்பறவை. உண்மையில் எல்லாமே மனிதர் வெட்டியவை. அதுவும் பாசனத்துக்காக அல்ல, மீனுக்காக. அங்கே ஏரி என்பதே ஒரு வயல், மீன்தான் பயிர்.

அரசாணையில் மீன்குளம்

ஐரோப்பாவில் அரசர் பண்ணைகளில் மீன்குளம் வைப்பது பழைய வழக்கம். சுமார் 800-ஆம் ஆண்டை ஒட்டி, பிராங்கிய அரசர் சார்லமேன் காலத்தில் அரச பண்ணைகளை எப்படி நடத்த வேண்டும் என்று ஓர் ஆணை எழுதப்பட்டது. விதை, கால்நடை, தேனீ, திராட்சை என்று 70 பிரிவுகள் கொண்டது அது. மீன்குளம் பற்றிய பிரிவுகளை இன்று படித்தாலும் ஒரு நல்ல பண்ணை மேலாளருக்கு எழுதியதுபோல இருக்கும். ஏற்கெனவே குளம் உள்ள பண்ணையில் காரியஸ்தர் அதைப் பராமரிக்க வேண்டும். பெருக்க முடிந்தால் பெருக்க வேண்டும். இல்லாத இடத்தில் அமைக்க வசதி இருந்தால் புதிதாக அமைக்க வேண்டும். குளத்து மீனை விற்றால் அந்த இடத்தில் வேறு மீனை விட வேண்டும்; எப்போதும் மீன் இருப்பு இருக்க வேண்டும். அரசர் அந்தப் பண்ணைக்கு வராத காலத்தில் மீனை விற்று வருமானம் காட்ட வேண்டும். மற்ற வரவுகளோடு மீன் கணக்கையும் ஆண்டுதோறும் கிறிஸ்துமஸுக்குள் ஒப்படைக்க வேண்டும்.

பிடித்ததற்கு ஈடாக விட வேண்டும் என்ற அந்த ஒரு வரியில்தான் மீன்பிடித்தலும் மீன் வளர்ப்பும் பிரிகின்றன. ஆற்றில் வலை வீசுபவருக்கு அந்தக் கவலை இல்லை. குளத்துக்காரருக்கு அதுதான் முதல் கவலை.

அரசருக்கு மீன்மேல் இவ்வளவு அக்கறை வரக் காரணம் விரத நாட்கள். கிறிஸ்தவ சபையின் விதிப்படி வெள்ளிக்கிழமைகள், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் என்று ஆண்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட நாட்களில் ஆடு, மாடு, பன்றி இறைச்சி கூடாது, மீன் கூடும். கடல் அருகே இருந்தால் உப்பிட்ட கடல்மீன் கிடைக்கும். பொஹிமியா நாலாபுறமும் நிலத்தால் சூழப்பட்ட நாடு. அரண்மனைக்கும் மடங்களுக்கும் நகரத்துச் செல்வர்களுக்கும் புது மீன் வேண்டுமென்றால் உள்ளூரிலேயே விளைவித்தாக வேண்டும்.

கெண்டை இதற்கு வாகாக அமைந்தது. டான்யூப் ஆற்றுப் படுகையைச் சேர்ந்த மீன் அது. கலங்கல் தண்ணீர், குறைந்த ஆக்சிஜன், நெரிசல் எல்லாவற்றையும் தாங்கும். ஈரப் பாசியில் சுற்றி வைத்தால் தண்ணீரை விட்டு வெளியேயும் நெடுநேரம் உயிரோடு இருக்கும். ஐஸும் லாரியும் இல்லாத காலத்தில் வண்டியில் ஏற்றி நகரச் சந்தைக்கு உயிரோடு கொண்டுபோக முடிந்த மீன் என்றால், அதற்கு வேறு சிறப்பே தேவையில்லை.

பொஹிமியாவின் அரசர்களில் குளம் வெட்டுவதை நாட்டுக் கொள்கையாகவே எடுத்துக்கொண்டவர் நான்காம் சார்லஸ். 1346-இல் பொஹிமிய அரசராகி, 1355-இல் ரோமப் பேரரசராக முடிசூடியவர். வடபொஹிமியாவில் பெஸ்டியெஸ் என்ற அரசர் கோட்டை ஒரு கூம்பு மலைமேல் நிற்கிறது. அதன் அடிவாரத்தில் டோக்ஸி என்ற ஊரருகே, சதுப்பாகக் கிடந்த பள்ளத்தில் கரை போட்டு 1366-இல் அவர் உருவாக்கிய ஏரிக்கு ‘பெரிய குளம்’ என்றே பெயர். பரப்பு சுமார் 700 ஏக்கர். உழவுக்கு ஆகாத நிலத்தில் பணம் விளையவைத்தது அந்தக் குளம். இன்று அதன் பெயர் மாஹா ஏரி. அந்தப் பக்கம் சுற்றித் திரிந்த ஒரு செக் கவிஞரின் பெயர். மணல் கொட்டிக் கடற்கரைபோல் ஆக்கிய ஓரங்களில் கோடையில் குளிக்க வருவோர் பலருக்கு அது ஓர் அரசரின் மீன் பண்ணை என்பது நினைவில் இருக்குமா என்பது சந்தேகம்.

ட்ரெபோனில் இரண்டு மேலாளர்கள்

அரசர் தொடங்கிய வேலையைப் பிரபுக்கள் பெரிதாக்கினார்கள். தென்பொஹிமியாவில் ரோசன்பெர்க் என்ற பிரபுக் குடும்பம் அரசருக்கு அடுத்தபடியாக நிலம் வைத்திருந்தது. அவர்களுடைய ட்ரெபோன் நிலத்தில் மணலும் கரிச்சதுப்பும்தான் அதிகம், புளிப்பு மண், கோதுமைக்கு உதவாது. தானியம் விளைந்திருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது.

16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே குளங்களுக்குப் பொறுப்பாக இருந்தவர் ஷ்டியெபானெக் நெட்டோலிட்ஸ்கி. அவர் முதலில் கவனித்தது வரத்து வாய்க்காலை. லுஷ்னிட்செ ஆற்றிலிருந்து பிரித்து, குளங்களின் ஊடே வளைத்துக் கொண்டுபோய், மறுபடி அதே ஆற்றில் சேர்க்கும் ஒரு கால்வாயை வெட்டினார். நீளம் ஏறக்குறைய 48 கிலோமீட்டர். இன்றும் தண்ணீர் ஓடும் அதற்குத் ‘தங்க வாய்க்கால்’ என்று பெயர். அந்த நிலம் கிட்டத்தட்டத் தட்டை. மட்டம் பார்க்க இன்றைய கருவி எதுவும் இல்லாமல் அத்தனை தூரம் தண்ணீரைத் தானாக ஓடவைத்தது சாதாரண வேலை அல்ல. அந்த வாய்க்கால் குளத்தை நிரப்பியதோடு நிற்கவில்லை. நிறைந்த குளத்துக்கும் புதுத் தண்ணீர் கொடுத்தது. மீனுக்கு ஆக்சிஜன் குறையாமல் பார்த்துக்கொண்டது. வழியில் ஆலைகளையும் ஓட்டியது. மழைநீரை மட்டும் நம்பிய குளத்துக்கும் வாய்க்கால் உள்ள குளத்துக்கும் விளைச்சலில் எவ்வளவு வேறுபாடு என்பது பண்ணைக் குட்டை வைத்திருப்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அவருக்குப் பின் வந்தவர் யாகுப் கிர்ச்சீன். பிரபுவின் சொத்து முழுவதையும் நிர்வகித்தவர். பெரிதாகவே எதையும் செய்யப் பிடிக்கும். 1571 முதல் 1573 வரை ட்ரெபோன் ஊரை ஒட்டியே ஒரு பெரிய ஏரி. பிறகு 1584 முதல் 1590 வரை ரோஷ்ம்பெர்க் ஏரி. இதன் கரை 2,430 மீட்டர் நீளம். உயரம் சில இடங்களில் 11 மீட்டரைத் தாண்டும். ஆற்றையே மறித்துக் கட்டும் ஏரி என்பதால் வெள்ளத்தில் கரை போய்விடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எனவே மேலே இன்னொரு கால்வாய் வெட்டி, வெள்ளநீரில் ஒரு பங்கை நெஷார்கா என்ற பக்கத்து ஆற்றுக்குத் திருப்பினார். ‘புது ஆறு’ என்று பெயர் பெற்ற அந்தக் கால்வாய் 13 கிலோமீட்டருக்கு மேல் நீளும்.

கரைகளில் ஓக் மரங்கள் வரிசையாக நட்டார்கள். வேர் மண்ணைப் பிடிக்கும் என்பது அவர்கள் கணக்கு. இன்றைய பொறியாளர்கள் மண் கரையில் பெருமரம் வேண்டாம் என்பார்கள். வேர் செத்து மக்கினால் அந்த வழியே தண்ணீர் கசியும். அவர்கள் சொல்வதும் சரிதான். ஆனால் பல நூறு வயதான ஓக் மரங்கள் அங்கே நிற்கின்றன, கரையும் நிற்கிறது. 2002-ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில், வழக்கமாகச் சுமார் 60 லட்சம் கன மீட்டர் பிடிக்கும் ரோஷ்ம்பெர்க் ஏரி சுமார் 7 கோடி கன மீட்டர் தண்ணீரைத் தாங்கி நின்றது. கீழே உள்ள ஊர்கள் பெரும் சேதத்திலிருந்து தப்பின.

அடிமடை

இந்த ஏரிகளை நம் ஏரிகளோடு ஒப்பிடும்போது கரை, கலங்கல், வரத்து வாய்க்கால் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். வேறுபாடு மதகில்தான். பழைய பொஹிமியக் குளத்தின் மதகு, உள்ளீட்டைக் குடைந்த ஒரு நெடிய மரத்துண்டு. அதைக் கரைக்கு அடியில் குழாயாகப் புதைத்து, குளத்தின் உள்பக்க வாயை ஒரு முளையால் அடைப்பார்கள். முளையை மேலே தூக்கினால் தண்ணீர் போகும். நம் பழைய ஏரிகளின் குமிழித்தூம்பும் இதே தத்துவம்தான். நாம் கல்லில் செய்தோம், அவர்கள் மரத்தில் செய்தார்கள். எப்போதும் நீருக்குள்ளேயே இருக்கும் மரம் உளுக்காது என்பதால் அது பல தலைமுறைகள் உழைத்தது.

ஆனால் அந்தக் குழாய் எந்த மட்டத்தில் இருக்கிறது என்று பாருங்கள். நம் ஏரி மதகு வயலுக்குத் தண்ணீர் பாயும் மட்டத்தில் இருக்கும். அதற்குக் கீழே நிற்கும் தண்ணீர் பாசனத்துக்கு வராது. மீன் அங்கேதான் போய் ஒளியும். குத்தகைக்காரர் எத்தனை முறை வலை இழுத்தாலும் கொஞ்சம் மீன் தப்பும். தப்பிய மீனில் விராலும் கெளுத்தியும் இருந்தால் அடுத்த ஆண்டு விடும் குஞ்சுகள் அவற்றுக்கு இரை. பொஹிமியாவில் குழாயைக் குளத்தின் அடிமட்டத்துக்கே இறக்கி வைத்தார்கள். அதற்கு முன்னால் ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தை நோக்கிக் குளத்தின் தரை முழுவதும் சரிவு. தரையில் விசிறிபோல் ஓடும் வடிகால்கள். முளையை எடுத்தால் குளம் முழுவதும் வடியும். மீன் முழுவதும் பள்ளத்துக்கு வரும். ஒரு மீன்கூட மிச்சமில்லாமல் எண்ணிப் பார்க்கலாம்.

இதிலிருந்துதான் மற்ற எல்லா நிர்வாகமும் வந்தது. எண்ண முடிந்ததால் கணக்கு வந்தது. அறுபது மீனை ஓர் அலகாகக் கொண்டு எண்ணினார்கள். எந்தக் குளத்தில் எத்தனை அறுபது விட்டார்கள், எத்தனை அறுபது திரும்பி வந்தது என்று பதிவேடு எழுதினார்கள். அதிலிருந்து எந்தக் குளம் வளமானது, எந்தக் குளத்துக்கு எவ்வளவு குஞ்சு தாங்கும் என்பது சில சுற்றுகளிலேயே தெரிந்துவிடும். வடிக்க முடியாத குளத்தில் எவ்வளவு தீவனம் போட்டாலும் கடைசிவரை ஊகம்தான்.

1547-இல் யான் டுப்ராவியஸ் என்பவர் மீன்குளங்களைப் பற்றி லத்தீனில் ஒரு நூல் வெளியிட்டார். ஓலோமொவுட்ஸ் நகரின் பிஷப் அவர். சமயத் தலைவர் ஒருவர் மீன் வளர்ப்பு நூல் எழுதியதில் அந்தக் காலத்தில் யாரும் வியந்திருக்க மாட்டார்கள். பிஷப்புகளுக்கும் பண்ணைகள் இருந்தன. நிலம் தெரிவு செய்வது, மட்டம் பார்ப்பது, கரை கட்டுவது, குஞ்சு விடுவது, நோய், மீன்பிடிப்பு, வரவு செலவு என்று ஒரு பண்ணையாளருக்குத் தேவையான எல்லாம் அதில் வருகிறது.

அந்தக் காலத்து முறையில் ஒரே குளத்தில் குஞ்சும் பெரிய மீனும் சேர்ந்து வளர்வதில்லை. முதலில் சினை மீன்களுக்கான சிறு குளம். குளிர்காலம் முழுவதும் அதை வறண்டு கிடக்க விடுவார்கள். தரையில் புல் முளைக்கும். வசந்தத்தில் தண்ணீர் விட்டு, வெயிலில் அது 18 முதல் 20 டிகிரி அளவுக்குச் சூடேறும் நேரத்தில் தாய் மீனும் ஆண் மீனும் விடப்படும். கெண்டை முட்டை ஒட்டும் தன்மை உள்ளது. மூழ்கிய புல்லில் ஒட்டிக்கொள்ளும். நம் விதைப்பண்ணைகளில் நீர்ப்பாசியையும் ஆகாயத்தாமரை வேரையும் போட்டு முட்டை சேகரிப்பது இதே காரணத்துக்காகத்தான். வறண்டு கிடந்த குளம் என்பதால் முட்டையைத் தின்னும் பூச்சியும் தவளையும் பிற மீனும் அதில் குறைவு. குஞ்சு கொஞ்சம் வளர்ந்ததும் அடுத்த குளம், அதன்பிறகு பெரிய குளம். அந்தக் குளிர் நாட்டில் தண்ணீர் 8, 10 டிகிரிக்குக் கீழே இறங்கினால் கெண்டை ஏறக்குறைய உண்பதையே நிறுத்திவிடும். எனவே விற்பனை எடைக்கு வர மூன்று, நான்கு கோடைக்காலங்கள் ஆகும். இங்கே ஒரே ஆண்டில் கிடைப்பதற்கு அங்கே அத்தனை பொறுமை வேண்டும்.

குளிர்காலத்துக்கென்று ஆழமான, நீரோட்டம் உள்ள தனிக் குளங்களும் உண்டு. மேலே பனிக்கட்டி மூடினால் கீழே மீன் மூச்சுத் திணறும். பனிக்கட்டியை உடைத்துத் துளையிடுவது அங்கே மார்கழி, தை மாத வேலை.

பெரிய குளத்தில் கெண்டையோடு பைக் என்ற கொடிய ஊனுண்ணி மீனையும் வேண்டுமென்றே விட்டார்கள். நம் குளத்தில் விரால் இருந்தால் அடித்து விரட்டுகிறோம். அவர்கள் அதன் சகோதரன் போன்ற ஒன்றைக் காசு கொடுத்து வாங்கி விட்டார்கள். கட்லா, ரோகு, மிர்கால் ஆகியவை தேங்கிய குளத்தில் இனப்பெருக்கம் செய்யாது, கெண்டை செய்யும். பெரிய குளத்தில் அது போடும் தேவையற்ற குஞ்சுகள் இரையைப் பங்குபோட்டு, விற்பனை மீனை மெலிய வைக்கும். பைக் அந்தக் குஞ்சுகளைத் தின்று தீர்க்கும். தானும் நல்ல விலைக்குப் போகும். விடும் பைக், இருக்கும் கெண்டையைவிடச் சிறியதாக இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. சாதாக் கெண்டை நம் வெப்பத்தில் ஆறே மாதத்தில் பருவத்துக்கு வந்து குளத்திலேயே குஞ்சு போட்டுவிடுகிறது என்று இங்குள்ளவர்கள் குறைப்படுவதும் இதே சிக்கல்தான்.

சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு கோடைக்காலம் முழுவதும் குளத்தைத் தரிசாக விடுவதும் உண்டு. வண்டல் காய்ந்து வெடிக்கும். காற்று பட்டு அதிலுள்ள மக்கிய பொருள் சத்தாக மாறும். சும்மா விடாமல் ஓட்ஸ் போன்ற பயிர் விதைத்து ஒரு போகம் எடுத்தார்கள். அடுத்த ஆண்டு தண்ணீர் விட்டதும் நுண்ணுயிர்கள் பெருகி மீன் கொழுக்கும். கோடையில் வற்றிய ஏரியில் வெள்ளரியும் தர்ப்பூசணியும் போடும் நம் ஊர்க்காரர்களுக்கு இது புதிதல்ல. அவர்கள் அதைக் குளத்து வைத்தியமாக முறைப்படுத்தினார்கள் என்பது மட்டுமே வேறுபாடு.

யார் நிலம் மூழ்கியது

இவ்வளவையும் பாராட்டும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. குளம் கட்டினால் யாருடைய நிலமோ தண்ணீருக்குள் போகும். அரசர் கட்டினால் கேட்பதற்கும் ஆள் இல்லை. இங்கிலாந்தின் யார்க் நகரில் முதலாம் வில்லியம் ஃபாஸ் ஆற்றை மறித்துத் தேக்கிய ‘அரசர் குளம்’ பற்றி 1086-ஆம் ஆண்டு நிலக்கணக்கு ஏட்டில் ஒரு குறிப்பு இருக்கிறது. இரண்டு புது ஆலைகளையும், எட்டு மாடு பூட்டிய ஓர் ஏர் ஓர் ஆண்டு உழும் அளவு நிலத்தையும், புல்வெளிகளையும் தோட்டங்களையும் அந்தக் குளம் அழித்துவிட்டது என்று வரி அதிகாரிகளே எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தக் குளமும் பிற்காலத்தில் நகரத்துக் குப்பையும் வண்டலும் சேர்ந்து தூர்ந்து போயிற்று. இன்று அங்கே சாலையும் கடைகளும் இருக்கின்றன.

ட்ரெபோனிலும் இதே கதைதான். கிர்ச்சீன் 1571-இல் ஊரை ஒட்டிக் கட்டத் தொடங்கிய ஏரிக்காகப் புறநகரில் ஒரு பகுதியை இடித்தார்கள். ஊரார் கோபத்தில் கொதித்தார்கள். ஏரிக்கு முதலில் வைத்த பெயர் ‘நன்றிகேடு’. யாருடைய நன்றிகேடு என்று கேட்டால், இவ்வளவு பெரிய நன்மை செய்தும் புரிந்துகொள்ளாத மக்களுடையது என்பது கட்டியவரின் எண்ணம். பெயர் பின்னாளில் மாறிவிட்டது; இன்று ‘ஸ்வியெட்’, அதாவது ‘உலகம்’. மக்களும் தங்கள் பங்குக்குக் கிர்ச்சீனைச் சும்மா விடவில்லை. அவர் பேயிடம் ஆவியை விற்று அந்த ஏரிகளைக் கட்டினார் என்ற கதை இன்றும் அந்தப் பக்கம் வழங்குகிறது. கரை போடக் கூலிக்கு வந்த தொழில்முறை மண்வேலைக்காரர்களும் இருந்தார்கள். பிரபுவின் குடிகளிடம் கட்டாயமாக வாங்கிய உழைப்பும் இருந்தது. அந்தக் குடிகளுக்குக் கெண்டை எட்டாத பண்டம். மீன் பிராக் நகருக்கும் ஆஸ்திரியப் பக்கத்துக்கும் வண்டி ஏறியது.

17-ஆம் நூற்றாண்டில் முப்பதாண்டுப் போர் பொஹிமியாவை நாசமாக்கியது. ரோசன்பெர்க் வம்சம் 1611-இலேயே வாரிசின்றி முடிந்திருந்தது. சொத்து கைமாறி, பறிமுதலாகி, சில காலம் பேரரசர் கையில் இருந்து, 1660-இல் ஷ்வார்சன்பெர்க் குடும்பத்துக்குப் போயிற்று. அடுத்து வந்த நூற்றாண்டுகளில் தானியத்துக்கும் சர்க்கரைக் கிழங்குக்கும் நல்ல விலை வந்ததால் நாடெங்கும் குளங்களை வடித்து உழுதார்கள். ட்ரெபோன் தப்பியதற்குப் பெரிய கொள்கை எதுவும் காரணம் இல்லை. அந்த மண்ணை உழுதாலும் ஒன்றும் விளையாது.

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே பண்ணை மேலாளராக இருந்த யோசெப் ஷுஸ்தா, கெண்டை எதைத் தின்கிறது என்று ஊகிப்பதை விட்டு, மீனின் குடலை அறுத்துப் பார்த்தார். சேற்றையும் செடியையும் தின்று வளரும் மீன் என்பது பொது நம்பிக்கை. குடலில் இருந்தவை பெரும்பாலும் நீரில் மிதக்கும் நுண்பிராணிகளும் அடிமண்ணில் வாழும் புழுக்களும். அப்படியானால் குளத்துக்குச் சுண்ணாம்பும் எருவும் இட்டால் நுண்பிராணி பெருகும், மீன் பெருக்கும். கெண்டையின் உணவு பற்றிய அவருடைய நூல் 1888-இல் வெளிவந்தது. குஞ்சு விடுவதற்கு முன் குளத்தில் சுண்ணாம்பும் சாணமும் போடுங்கள் என்று மீன்வளத் துறை சொல்வதன் பின்னால் இப்படிப்பட்ட பல குடல் ஆய்வுகள் இருக்கின்றன.

அந்த அறிவுக்கும் ஒரு விலை இருந்தது. 20-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் உற்பத்தி இலக்குக்காக எருவும் உரமும் அளவுக்கு மீறிப் போனது. பல குளங்களில் கோடையில் தண்ணீர் பச்சைச் சாயம்போல் ஆகிவிடுகிறது. விடியற்காலையில் ஆக்சிஜன் விழுகிறது. இன்று அந்த வட்டாரம் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமும்கூட என்பதால், எவ்வளவு மீன், எவ்வளவு எரு என்பதில் மீன் பண்ணையாளருக்கும் இயற்கை ஆர்வலருக்கும் வழக்கு ஓயவில்லை.

ட்ரெபோன் கெண்டைக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ஏரியில் பிடித்த மீனை உடனே விற்பதில்லை. சுத்தமான தண்ணீர் ஓடும் தொட்டிகளில் தீவனமின்றி வைக்கிறார்கள். சேற்று வாடை போய்விடுகிறது. சேற்று வாடை என்று வாடிக்கையாளர் முகம் சுளிப்பதை அனுபவித்த நம் பண்ணையாளர்கள் செய்து பார்க்க வேண்டியது முதலில் இதைத்தான். செலவு கொஞ்சம், பலன் உடனே. டிசம்பரில் தெருமுனைகளில் தொட்டி வைத்து உயிர்மீன் விற்பனை நடக்கும். கிறிஸ்துமஸ் முந்தின இரவு கெண்டை இல்லாத செக் வீடு அரிது.

ஐரோப்பியக் குளங்களில் பல தலைமுறைகள் வளர்ந்து, செதில் குறைந்து, உடல் அகன்ற கெண்டை வகைதான் 1939-இல் இலங்கையிலிருந்து உதகமண்டலத்துக்கு வந்தது. குளிர்நீர் மீன் என்று மலை ஏரியில் விடப்பட்டது. சமவெளிக்கு ஏற்ற மற்றொரு வகை 1957-இல் பாங்காக்கிலிருந்து வந்து நம் பண்ணைகளில் பரவியது. புழு தேடி அடிமண்ணைக் கிளறும் பழக்கத்தை இரண்டும் விடவில்லை. மண் கரை உள்ள பண்ணைக் குட்டையில் இந்த மீன் விடுகிறவர்கள் நீர்மட்டத்தை ஒட்டிய உள்கரையை மாதம் ஒருமுறை சுற்றிவந்து, குடைந்த இடத்தில் களிமண் போட்டு இடித்துக் கெட்டிப்படுத்த வேண்டும். புதிதாகக் குட்டை வெட்டுகிறவர்கள், கரை போடும் முன்பே அடிமட்டத்தில் ஒரு வடிகுழாய் வைத்துவிட வேண்டும். கரை எழும்பிய பிறகு அதைப் பதிக்க இரட்டைச் செலவு.